பிரேக் பிடிக்க எங்கே பழகுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விபத்துகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பைக் ஓட்டிகள் ரேஸ் டிராக்கில் போய்ப் பழகும் 'டிராக் டே' நாட்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அங்கே போகிறவர்கள் வேகத்துக்கு அடிமையாகி, அதே வேகத்தைச் சாலைக்கும் கொண்டுவருகிறார்கள் என்பது கட்டுரையாளரின் கருத்து. அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டும் காறை எலும்பும் உடைந்தவர்களை மறுபடி கை தூக்க வைப்பது என் வேலை. நானும் பைக் ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் டிராக்கில் ஒரு வளைவின் ஓரத்தில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷலாகவும் இருக்கிறேன். இந்த மூன்று இடத்திலிருந்தும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பேன். கையை ஊன்றி விழுந்தாரா, தோள் முதலில் தரையில் பட்டதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க மேடம், பிரேக் அடிச்சேன், வண்டி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு." எந்த பிரேக் என்று கேட்டால் யோசிப்பார்கள். பலருக்கு நினைவிருப்பது வலது காலால் ஓங்கி மிதித்தது மட்டும்தான். முன் பிரேக் ஞாபகத்திலேயே இருக்காது. சிலர் அதைப் பிடிக்கவே கூடாது, பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று யாரோ சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கையைப் படித்தபோது இதே குரலைத்தான் கேட்டேன். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை, அவை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர்கள். தானாகப் பழகியவர்கள், அல்லது வீட்டிலும் நண்பர்களிடமும் கற்றுக்கொண்டவர்கள். ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை கிடைத்த நேரம், வழக்கமான ஒரு விபத்தில், இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. சட்டென்று திருப்பி விலகும் திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை. ஆய்வுக்கு வயதாகிவிட்டது, வண்டிகளும் மாறிவிட்டன, சரி. என் சிகிச்சை அறையில் கேட்கிற கதை மாறவில்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அவசர பிரேக் பிடிப்பதைச் சாலையில் பழக முடியாது. பின்னால் வருகிறவர் மேலே வந்து மோதுவார். அதனால் ஒருவர் இருபது வருஷம் வண்டி ஓட்டினாலும், அந்த இருபது வருஷத்தில் முழு பலத்தோடு முன் பிரேக்கைப் பிடித்தது ஒருமுறைகூட இல்லாமல் இருக்கலாம். முதல்முறையாக அதைச் செய்யும் நாள் ஒரு லாரி குறுக்கே வரும் நாளாக இருக்கும். "நான் எத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்கு என்ன பழக்கம் வேணும்" என்று கேட்கும் நடுத்தர வயதுக்காரர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புதிதாக ஓட்டுகிற பையனுக்காவது பயம் இருக்கிறது.

முன் பிரேக் தூக்கி எறியும் என்ற பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையும் நம் எடையும் முன்னால் நகர்ந்து முன் டயரைத் தரையில் அழுத்துகின்றன. நன்றாக அழுத்தப்பட்ட டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த எடை வந்து சேர ஒரு கண நேரம் ஆகும். அதற்கு முன்பே கைப்பிடியில் உள்ள முன் பிரேக் லீவரை வெடுக்கென்று இழுத்தால், இன்னும் எடை இறங்காத டயர் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். முதலில் மெல்லப் பிடித்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்து, அதன் பிறகு முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். சொல்ல நேரமாகிறதே தவிர, பழகிய கைக்கு இவை எல்லாம் அரை விநாடிக்குள் முடிந்துவிடும். பின் சக்கரமோ அப்போது எடை குறைந்து இலேசாகியிருக்கும். அதை மட்டும் நம்பினால் வண்டி நிற்காது.

எங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். 1988இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் வந்ததிலிருந்து இன்று வரை எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கருவி அது, சந்தேகமில்லை. ஆனால் அது செய்வது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும். பாதி பலத்தில் பிடித்த பிரேக்கை அது முழுசாக்கித் தராது. லீவர் கையில் துடிக்கும்போது பயந்து விட்டுவிடுகிறவர்களை நான் பயிற்சி மைதானத்தில் பார்த்திருக்கிறேன். அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியும் 80இல் போகிற வண்டியும் ஒரே இடத்தில், ஒரே பலத்தில் பிரேக் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி முழுசாக நின்ற இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் சுமார் 53 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் வரும் விளைவு இது. என் நோயாளிகளிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். ஒரு நாள் பயிற்சியில் கூம்பு வைத்து, அதே இடத்தில் பிரேக் பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் எங்கே போய் நிற்கிறோம் என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் அவர்கள் முன்வண்டிக்கு விடும் இடைவெளியே மாறிவிடுகிறது. வேகத்தைப் பற்றிய பயம் சரியான அளவில் வர, வேகத்தைப் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி டிராக்குக்கு வருகிறேன். கட்டுரையாளர் எழுதியதைப் படித்தால் அங்கே எல்லாரும் ஒருவரை ஒருவர் முந்தி ஓடுகிறார்கள் என்று தோன்றும். முறையாக நடத்தப்படும் ஒரு டிராக் டேயில் போட்டி கிடையாது. காலையில் விதிகளைச் சொல்லுவார்கள், கொடிகளைக் காட்டுவார்கள், ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, தோல் உடை, வண்டியின் டயர், பிரேக், செயின் எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். கண்ணாடிகளை மடக்கியோ கழற்றியோ டேப் ஒட்டியோ வைக்கச் சொல்வார்கள், பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது என்பதற்காக. புதியவர்கள், நடுத்தரம், வேகமானவர்கள் என்று பிரித்து, ஒரு குழுவுக்குப் பதினைந்து இருபது நிமிடம்தான் விடுவார்கள். முதல் சுற்றுகளில் பயிற்சியாளர் முன்னால் போக, மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். புதியவர்கள் குழுவில் முந்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் கொடி காட்டினால் முந்தாமல், வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். சிவப்பு என்றால் அந்தக் குழுவின் ஓட்டமே நிறுத்தம், சட்டென்று பிரேக் அடிக்காமல், வண்டிகளை நிறுத்தும் இடமான பிட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆம்புலன்ஸ் இல்லாமல் ஒரு வண்டிகூட உள்ளே போகாது.

சாலையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. அதே வளைவு மறுபடி மறுபடி வருகிறது. எதிரே வண்டி வராது, மணல் கொட்டிக் கிடக்காது, நாய் ஓடாது. போன சுற்றில் கொஞ்சம் முன்னாலேயே வண்டியைத் திருப்பினேன், வெளியே அகலமாகப் போய்விட்டேன், இந்தச் சுற்றில் தாமதமாகத் திருப்பிப் பார்க்கிறேன் என்று ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மாற்றிச் சோதிக்கலாம். உடைந்த காலுக்கு நடை பழக்கும்போது நாங்களும் இதைத்தான் செய்கிறோம். முதலில் குதிகாலை ஊன்றுவது மட்டும். அது வந்த பிறகு முழங்கால். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தச் சொன்னால் உடம்பு எதையும் கற்காது. கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியில் ஒரு பயிற்சி உண்டு: கியர் மாற்றாமல், பிரேக்கைத் தொடாமல் டிராக்கைச் சுற்றி வர வேண்டும். வேகமாகப் போய்ப் பிறகு பிரேக் பிடித்துச் சமாளிக்கலாம் என்ற வழி அடைபட்டுவிடுவதால், வளைவுக்கு எந்த வேகத்தில் நுழைவது என்று கண்ணும் மனதும் சரியாகக் கணிக்கப் பழகுகின்றன. வேக வெறியை வளர்க்க நினைக்கிறவர்கள் இப்படி ஒரு பயிற்சி கொடுப்பார்களா?

மார்ஷலாக வளைவில் நிற்கும்போது எனக்கு முதலில் தெரிவது வண்டியல்ல, ஹெல்மெட். முகவாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காலையில் புதியவர்கள் எல்லாருக்கும் தலை நேராக, பார்வை முன் சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால். வளைவின் வெளியோரத்தைப் பார்த்து பயந்தவர் வெளியோரத்துக்கே போவார். கண் போகும் இடத்துக்கு வண்டி போகிறது. பயிற்சியாளர் பிட்டில் அவர்களை நிறுத்தி, தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவார். மதியத்துக்குள் முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் திரும்பியிருக்கும். வண்டி கோடு போட்டது போல் வரும். வேகத்தைக் கூட்டியதால் வந்த மாற்றம் இல்லை இது. பலர் காலையைவிட நிதானமாக, நிம்மதியாகப் போவது அங்கிருந்தே தெரியும்.

அப்புறம் கைகள். இதைப் பற்றி என் தொழில் காரணமாகக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயந்தவர் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பார். முழங்கை பூட்டிக்கொள்ளும், தோள் காதை நோக்கி ஏறும், கழுத்து இறுகும். கழுத்து இறுகினால் தலை திரும்பாது. தலை திரும்பாவிட்டால் பார்வை கிட்டத்திலேயே நின்றுவிடும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் முழங்கால். இரண்டு முழங்காலாலும் பெட்ரோல் டாங்கை இறுக அணைத்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கினால், பிரேக் பிடிக்கும்போது நம் எடை மணிக்கட்டில் விழாது. கை தளர்ந்திருக்கும். தளர்ந்த கைக்கு வண்டி சொல்வது கேட்கும். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி அசைந்தால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். இறுகிய கை அதை விடாது, சின்ன அசைவையும் பெரிசாக்கும். ஓட்டி முடித்து இறங்குகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். முன்கை வலிக்கிறது என்றால் தப்பாக ஓட்டியிருக்கிறார். தொடை வலிக்கிறது என்றால் சந்தோஷப்படுவேன்.

வண்டியைத் திருப்புவது எப்படி என்பதுகூட ஓட்டுகிற பலருக்குத் தெரியாமலே நடக்கிற காரியம்தான். சைக்கிள் கடை நடத்தி, பிறகு விமானம் செய்த ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்: இடப்பக்கம் திரும்ப ஓட்டி முதலில் ஹேண்டிலைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புகிறார், ஆனால் அப்படிச் செய்வது அவருக்கே தெரிவதில்லை. வேகமாகப் போகும் பைக்கிலும் இதேதான். இடப்பக்கம் சாய வேண்டுமென்றால் இடக் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். அமைதியாக ஓட்டும்போது உடம்பு தானாகச் செய்துவிடும். குழந்தை குறுக்கே ஓடி வரும்போது, தெரிந்து, வேண்டுமென்றே, பலமாகச் செய்ய வேண்டும். அதைப் பயிற்சி மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே பழகாதவர், அந்த நேரத்தில் விறைத்துப் போய் நேராகவே போய்விடுகிறார்.

டிராக்கில் போனால் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முறை வளைவில் முழங்கால் தரையில் உரசியதைப் படம் எடுத்துக்கொண்டு, சாலை வளைவிலும் அதே போல வண்டியைச் சாய்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. வளைவில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் டயர் தாங்க வேண்டிய பக்க விசை 44 சதவீதம் கூடுகிறது. டிராக்கின் சொரசொரப்பான தளத்தில் தாங்கியது, எண்ணெய் சிந்திய சாலையில் தாங்காது. பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2010இல், எந்தப் பயிற்சி முறை பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பயிற்சியால் வரும் தன்னம்பிக்கை, திறமையை மீறி வளர்ந்துவிடும் ஆபத்து உண்மையானது. அதனால்தான் எதை முதலில் கற்பது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் நடை வேகத்தில் தடுமாறாமல் ஓட்டுவது, பிறகு பிரேக், பிறகு விலகுதல், சாலையில் ஆபத்தை முன்கூட்டிக் கவனிக்கக் கற்றுத்தரும் வகுப்பு. டிராக் இவற்றுக்குப் பிறகு. நேராக டிராக்குக்குப் பணம் கட்டுவதைவிட, மெதுவாக ஓட்டக் கற்றுத்தரும் ஒரு நாள் வகுப்புக்குப் போங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மெதுவாக ஓட்டுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானின் உரிமத் தேர்வைப் பற்றிச் சொல்லலாம். 30 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பலகை மேடை மீது பைக்கை ஓட்ட வேண்டும். பெரிய பைக் உரிமத்துக்கு அதைக் கடக்கக் குறைந்தது 10 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும், இறங்கிவிடக் கூடாது. கிளட்ச், பின் பிரேக், பார்வை மூன்றும் ஒத்துழைக்காமல் இது முடியாது. அதே தேர்வில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, உலர்ந்த தளத்தில், 11 மீட்டருக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். பிரிட்டனில் 2009இலிருந்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் தடையைச் சுற்றி விலகிக் காட்டுவது தேர்வின் ஒரு பகுதி. எட்டுப் போட்டுக் காலை ஊன்றாமல் வந்தால் போதும் என்று உரிமம் தருகிற இடங்களில் இதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர்கள் எழுதினால், அது எத்தனையோ எலும்புகளைக் காப்பாற்றும்.

உலகிலேயே திறமையான ஓட்டிகள் பயிற்சியை நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைக் பந்தயத்தில் ஒன்பது முறை உலக சாம்பியனான வாலண்டினோ ரோஸி, இத்தாலியில் தன் ஊரான தவுல்லியாவுக்குப் பக்கத்தில் மண் தடம் ஒன்றை அமைத்து, தானும் இளம் ஓட்டிகளுமாக அதில் சறுக்கிச் சறுக்கிப் பழகினார். 1978இல் 500 சிசி பிரிவில் உலகப் பட்டத்தை வென்ற கென்னி ராபர்ட்ஸ் மண் தடத்திலிருந்து வந்தவர். வண்டி வழுக்கும்போது பதறாத கையை அவர்கள் மண்ணில் சம்பாதித்தார்கள். தினமும் வேலைக்குப் போக வண்டி எடுக்கிற நமக்கு அந்த அளவு வேண்டாம். ஆனால் ஒருமுறை கற்றதே ஆயுளுக்கும் போதும் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் வாசகர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அவர் உங்களிடம் தனியாகப் பேசுவாரா? முழு நாளில் பிரேக்குக்கு எவ்வளவு நேரம்? உங்கள் வண்டியையே கொண்டு வரலாமா? ஏனென்றால் வேறு வண்டியின் லீவரில் பழகிய விரல் உங்கள் வண்டியில் கொஞ்சம் தயங்கும். டிராக்கில் நடக்கும் விழுதலுக்குக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது, அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயரும் உடம்பும் சூடாகாத முதல் சுற்றிலும், களைத்துப் போன கடைசிச் சுற்றிலும்தான் நான் அதிகம் கொடி காட்ட வேண்டி வருகிறது. களைப்பாக இருந்தால் கடைசிச் சுற்றை விட்டுவிடுங்கள். கட்டிய காசு போகட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

வகுப்புக்குப் போக வசதி இல்லாதவர்கள், வண்டி நடமாட்டமே இல்லாத, மணல் இல்லாத, அனுமதி வாங்கிய ஒரு தளத்தில், முழுப் பாதுகாப்பு உடையோடு, 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்கலாம். துணைக்கு ஒருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். வண்டி நேராக, நிமிர்ந்து இருக்கும்போது மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பார்வை தூரத்தில், முழங்கால் டாங்கில், லீவரை இரண்டு கட்டமாகப் பிடியுங்கள், பின் பிரேக்கை இலேசாக. நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அதே வேகத்தில் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க வந்த பிறகுதான் 30க்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
பிசியோதெரபிஸ்ட், டிராக் மார்ஷல்